மூன்றாவது காப்பியில் ஒரு புள்ளி

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவள் அகலக்கா. மருந்தகத்துக்காரர்கள், வார்டு நர்சுகள், லிஃப்ட்காரர், அவளைவிட ஏழு வயது மூத்த சமையலறை மேஸ்திரி வரைக்கும் அவள் அக்காதான். பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஆளைத் தேடி வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆள் ஒல்லி. எழுத்துத்தான் அகலம்.

மாடிப்படிக்குக் கீழே, மருந்தகத்தை ஒட்டி, ஒரு சாய்ந்த கூரை அறை. படியில் யாராவது இறங்கினால் தலைக்கு மேல் தடதடவென்று கேட்கும். அந்த அறையில் ஒரு கணினி, ஒரு மேசை, மேசைமேல் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அது கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் நாத்தனார். "வாய் ஓயாது, ஆனா வேலையில குறை சொல்ல முடியாது" என்பாள். அவளுடைய அசல் நாத்தனார் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மட்டும் அன்று முழுக்க அதை மிஷின் என்றே சொன்னாள். பயந்து அல்ல, மரியாதைக்கு.

பணிவு என்கிற சரக்கு அவளிடம் என்றைக்குமே இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்தாவதாக ஒரு பெண்ணை ஏற்றிய டீச்சர், "ஒடுங்கி உக்காரு" என்று சொன்னதற்கு, "எதுக்கு டீச்சர் ஒடுங்கணும்? இன்னொரு பெஞ்ச் போட்டாப் போச்சு" என்று கேட்டவள். ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். நிற்க இடம் தாராளமாக இருந்தது என்று பிற்பாடு சொல்வாள். பெண் பார்க்க வந்தவரிடம் அவளே கேட்டாள்: "நான் கொஞ்சம் அதிகமாப் பேசுவேன். பரவாயில்லையா?" வந்தவர் தச்சு வேலைக்காரர். "நான் நாள் முழுக்க இழைப்புளி சத்தத்துல நிக்கிறவன். எனக்குப் பாதிதான் காதுல விழும்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரைக் கட்டிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வயதில் அந்த ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். முப்பத்தொன்றில் பிரிண்டர் வந்தது. கொண்டுவந்தவர்கள் பெட்டியைப் பிரித்து, வயரைச் சொருகி, ஒரு பக்கம் அச்சடித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கூட வந்த புத்தகத்தை யாரும் தொடவில்லை. அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்படியில் வைத்துப் படித்தாள். பாதி புரியவில்லை. புரியாத பாதியை மறுநாள் மிஷினிடமே கேட்டாள். ஒவ்வொரு குறியீடாக அனுப்பி அது என்ன செய்கிறது என்று பார்த்து, ஒரு அட்டையில் தன் மொழியில் எழுதிச் சுவரில் மாட்டினாள். பதினைந்து: இடுக்கு. பதினெட்டு: இடுக்கிலிருந்து விடுதலை. பதினான்கு: அந்த ஒரு வரிக்கு மட்டும் அகலம். எஸ்கேப் ஜி: ஒரே இடத்தில் இரண்டு அடி.

எழுத்தின் அகலம் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு அவள் பஸ்ஸை வைத்துத்தான் சொல்வாள். "ஒரு அங்குலம் ஒரு சீட்டுன்னு வச்சிக்கோங்க. பத்து எழுத்துன்னா காலை நீட்டி உக்காரலாம். பன்னெண்டுன்னா நெருக்கம், ஆனா மூச்சு விடலாம். பதினேழுன்னா ஒருத்தர் மடியில ஒருத்தர்." அந்தப் பதினேழுதான் இடுக்கு.

தினமும் பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தைகள் வார்டின் மறுநாள் மருந்துச் சீட்டு அச்சாகும். எந்தக் கட்டில், என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு. கார்பன் வைத்த மூன்றடுக்குத் தாள். முதல் காப்பி டாக்டருக்கு, இரண்டாவது மருந்தகத்துக்கு, மூன்றாவது வார்டு நர்சுக்கு. பிரிண்டரின் ஊசி முதல் தாளில்தான் பளிச்சென்று குத்தும். இரண்டாவதற்குப் போகும்போது பாதி பலம் போய்விடும். மூன்றாவதற்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதி. வேடிக்கை என்னவென்றால், சிரிஞ்சைக் கையில் பிடிக்கிறவளுக்குப் போவது அந்த மிச்சம் மீதிதான். உலகத்தில் நிறைய விஷயம் இப்படித்தான் பங்கிடப்படுகிறது.

இதை முதல் மாதத்திலேயே பார்த்துவிட்ட அகலக்கா, யாரையும் கேட்காமல், மருந்து வரிகளை மட்டும் இரட்டை அகலத்தில் அடிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு இருந்த கண்காணிப்பாளர், "என்னம்மா இது, சினிமா போஸ்டர் மாதிரி?" என்று கேட்டு, போகிற போக்கில் அகலக்கா என்று கூப்பிட்டார். கேலிதான். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷம் சீட்டு அப்படியே வந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

பிறகு புது நிர்வாகி வந்தார்.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலையில் முதலில் வருவார், கடைசியில் போவார், தன் மேசையைத் தானே துடைப்பார். ஒரே ஒரு நோய், சிக்கனம். வந்த இரண்டாவது வாரத்தில் காகிதப் பெட்டிகளை எண்ணினார். அகலத் தாளை நிறுத்தி, குறுகிய தாள் வாங்கினார். நூற்றி முப்பது எழுத்து வரி குறுகிய தாளில் எப்படி அடங்கும்? இடுக்கில் அடங்கும். ஆளை வரவழைத்து, பிரிண்டரின் வயிற்றுக்குள் இருக்கும் குட்டிச் சுவிட்சை மாற்றி, போட்டதுமே இடுக்கில்தான் எழுந்திருக்கும்படி செய்தார். வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியையும் குறைத்து எட்டில் ஒரு பங்கு அங்குலம் ஆக்கினார். முன்பக்கப் பொத்தான்களின் மேல் காயத்துக்குப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்திரியை நீளமாக ஒட்டி, அதன்மேல் பேனாவால் 'தொடாதே' என்று எழுதினார். அந்த எழுத்து மட்டும் நல்ல பெரிய எழுத்து.

அகலக்கா முதலில் சண்டை போடவில்லை. சலவைப் பட்டியல் இடுக்கில் வந்தால் வரட்டும். போர்வை எண்ணிக்கை பேன் முட்டை மாதிரிப் பொடியாக இருந்தாலும் யாரும் சாகப் போவதில்லை. டூட்டிப் பட்டியல், சாப்பாட்டுப் பட்டியல் எல்லாம் பதினேழில் அடித்தாள். மருந்துச் சீட்டையும் அடித்தாள். வந்தவர் புதியவர், ஒரு வாரம் போகட்டும், பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மூன்று நாள் அடங்கிப்போனாள். தன் வாழ்க்கையில் செய்த தப்பு எது என்று கேட்டால் இன்றைக்கும் அந்த மூன்று நாளைத்தான் சொல்வாள். வேறு எதையும் சொல்ல மாட்டாள்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் குழந்தைகள் வார்டிலிருந்து பெரிய சிஸ்டர் போன் செய்தார். இருபத்தைந்து வருஷ அனுபவம், குரல் உயர்த்தாத மனுஷி. அன்றைக்கு அந்தக் குரல் உயர்ந்திருந்தது.

"அக்கா, ஒன்பதாம் கட்டிலுக்கு அரை மில்லியா, அஞ்சு மில்லியா?"

அகலக்கா கணினியில் பார்த்தாள். "அரை."

பெரிய சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். ஒன்பதாம் கட்டிலில் இருந்தது ஒன்பது மாசக் குழந்தை. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் மூன்றாவது காப்பியைப் பார்த்து ஐந்து மில்லியைச் சிரிஞ்சில் இழுத்துவிட்டாள். பெரிய சிஸ்டர் அந்தப் பக்கமாக வந்தவர், இவ்வளவு சின்ன உடம்புக்கு இவ்வளவு மருந்தா என்று கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அவர் ஒரு நிமிஷம் முன்பின் வந்திருந்தால் கதை வேறு.

கணினி அரையை .5 என்றுதான் அடிக்கும். முன்னால் ஒரு சுழியம் போடும்படி செய்யச் சொல்லி அகலக்கா மென்பொருள்காரருக்கு இரண்டு முறை எழுதியிருந்தாள். பதில் இல்லை. அகல வரியில் அந்தப் புள்ளிக்கு இரண்டு பங்கு உடம்பு இருந்ததால் பதினெட்டு வருஷம் அது மூன்றாவது தாள் வரைக்கும் நடந்து போய்ச் சேர்ந்தது. இடுக்கில் அது வழியிலேயே செத்துப்போயிற்று.

அகலக்கா போனை வைத்தாள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். படியில் ஆட்கள் இறங்கும் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மூன்று காப்பிகளையும் வாங்கிக்கொண்டு, நிர்வாகியின் அறைக்குப் போனாள்.

அவர் முதல் காப்பியை எடுத்துப் பார்த்தார். "புள்ளி தெளிவா இருக்கேம்மா."

"அது டாக்டர் காப்பி சார். நர்ஸ் கைக்கு வர்றது இது."

"அந்த நர்ஸ் கண்ணாடி போடணுமோ என்னமோ. ஒண்ணும் ஆகலல்ல? பதறாதீங்க." சுவரில் மாட்டியிருந்த பட்டியலைக் காட்டினார். "மாசம் அஞ்சு பெட்டி காகிதம் போயிட்டிருந்தது. இப்ப மூணு. எழுத்து சின்னதானா என்ன? கடுகு சிறுத்தாலும் காரம் போகாது."

"கடுகு காணாமப் போனா, சார்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், ஒரு வார்டுக்கு விட்டால் பத்து வார்டு கேட்கும் என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். அகலக்கா குனிந்தது மூன்று நாள். அத்தோடு சரி. சுவிட்சைத் தொட முடியாது, பொத்தானைத் தொட முடியாது, சீட்டின் அமைப்பையும் மென்பொருள்காரர் பூட்டிவிட்டார். ஆனால் மருந்துகளின் பெயர்ப்பட்டியல் அவள் கையில்தான் இருந்தது. புது மருந்து வந்தால் பெயரை ஏற்றுவது அவள் வேலை. அன்று பிற்பகல் குழந்தை வார்டு மருந்துகள் அத்தனைக்கும் பெயருக்கு முன்னால், ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு, பதினான்கைத் தட்டினாள். பிரிண்டர் அந்தப் பெயரைச் சந்திக்கிற இடத்தில் வரி அகலமாகிவிடும். வரி முடிந்ததும் தானாக இடுக்குக்குத் திரும்பிவிடும். இரட்டை அகலத்தில் ஒரு வரிக்கு அறுபத்தெட்டு எழுத்து கொள்ளும். பெயர், அளவு, நேரம் மூன்றும் சேர்ந்தால் அறுபத்து நான்கு. அவள் விரல் வைத்து மூன்று முறை எண்ணினாள். மிச்சக் குறிப்புகள் அடுத்த வரிக்கு இறங்கி இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். அவை அங்கே கிடக்கட்டும்.

மூன்று மணிக்கு நாத்தனார் கத்தினாள். சீட்டு பழையபடி வந்தது. மூன்றாவது காப்பியில் புள்ளி இருந்தது.

ஆனால் இரண்டு பக்கச் சீட்டு மூன்று பக்கமாயிற்று. தாளை எண்ணுகிறவருக்கு அது எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்? பதினோராம் நாள் நிர்வாகியே மாடிப்படிக்குக் கீழே குனிந்து வந்தார். கூரை தாழ்வு. எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் அந்த அறைக்குள் தலை குனிந்துதான் வர வேண்டும். அகலக்காவுக்கு அந்தக் கூரையைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு மருந்தின் பெயருக்கு முன்னாலும் ஒரு சின்ன சங்கீதக் குறி நின்றது. பதினான்காம் எழுத்துக்குத் திரையில் அதுதான் உருவம். அந்தக் காலத்தில் யார் எதற்காக அப்படி வைத்தார்களோ.

"இது என்ன?"

"சங்கீதம் சார்."

"மருந்துக்கு எதுக்குச் சங்கீதம்?"

"சத்தமாப் பாடினாத்தான் மூணாவது ஆள் காதுல விழுது. அதுக்குத்தான்."

அன்று மாலையே குறிப்பாணை வந்தது. நிர்வாகத்தின் உத்தரவை மீறியதற்கு நாளை மாலை நான்கு மணிக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். தவறினால், அல்லது விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால், அடித்தள கோப்பு அறைக்கு மாற்றப்படுவாள். அதற்குள் அந்தப் பதினான்குகள் எல்லாம் நீக்கப்பட வேண்டும்.

கோப்பு அறைக்குப் போவதில் அவளுக்குப் பயம் இல்லை. அங்கே எலிதான் இருக்கிறது, அதிகாரி இல்லை. ஆனால் அவள் போனால் இந்த நாற்காலியில் வருகிறவர் சொன்னதைச் செய்கிறவராக இருப்பார். சீட்டு பதினேழில் வரும். ஒவ்வொரு நாளும் ஒரு பெரிய சிஸ்டர் சரியான நிமிஷத்தில் வந்து நிற்பாரா? அந்த நாற்காலி போனால் அந்தப் புள்ளியும் போகும். 

வீட்டில் கணவர் ஒரு ஜன்னல் சட்டத்துக்கு முளை செதுக்கிக்கொண்டிருந்தார். அவள் குறிப்பாணையை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? அவங்க ஆஸ்பத்திரி, அவங்க காகிதம்."

"குழந்தை யாருடையதுங்க?"

அவர் உளியைக் கீழே வைத்தார். "வரிக்கு நடுவுல எவ்வளவு இடம் விடுறாங்கன்னு சொன்ன?"

"எட்டுல ஒரு பங்கு அங்குலம்."

"ஒரு நூல்." தச்சர்கள் எட்டில் ஒரு பங்கு அங்குலத்தை நூல் என்றுதான் சொல்வார்கள். அவர் சட்டத்தைப் பார்த்தார். "ஒரு நூல் தப்பினா ஜன்னல் சாத்தாது. மழை உள்ள வரும். அது தெரிஞ்சவன் யாரும் ஒரு நூல்தானேன்னு சொல்ல மாட்டான்." உளியைத் திரும்ப எடுத்தார். "மன்னிப்புக் கேட்டு எழுதப் போறியா?"

"விளக்கம்தான் கேட்டிருக்கார். விளங்குற மாதிரி எழுதப் போறேன்."

மறுநாள் காலை அவள் பதினான்குகளை நீக்கவில்லை. விளக்கத்தை எழுதினாள். நடந்ததை நடந்தபடி, ஒரு பக்கம். ஒன்பதாம் கட்டில், சிரிஞ்ச், பெரிய சிஸ்டர், எல்லாம். கடைசி வரி இது: 'தாங்கள் இதை ஒழுங்கீனம் என்று கருதினால், .5 நாள் சஸ்பென்ஷனை ஏற்கச் சம்மதிக்கிறேன்.'

அதை அவர் உத்தரவுப்படியே அச்சடித்தாள். பதினேழில், ஒரு நூல் இடைவெளியில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லியிருந்த அதே ரிப்பனில், மூன்றடுக்குத் தாளில். ஒரே ஒரு தடவை. மூன்றாவது காப்பியை அவள் கிழித்தெடுத்தாளே தவிர, திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்தால், புள்ளி இருந்தால், இன்னொரு தடவை அடிக்கக் கை துறுதுறுக்கும். அப்படிச் செய்தால் அது பித்தலாட்டம். புள்ளி பதிந்திருந்தால் அவர் சொன்னதே சரி என்றாகிவிடும், அவள் எலிகளோடு குடித்தனம் நடத்தப் போக வேண்டியதுதான். அதற்கும் அவள் தயாராக இருந்தாள்.  ஆனால் மூன்று மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீரைக் குடிக்கக்கூட முடியவில்லை.

முதல் காப்பி தன் கோப்புக்கு. இரண்டாவது தலைமை டாக்டரம்மாவின் மேசைக்கு. மூன்றாவதை உறையில் போட்டு நிர்வாகியிடம் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, தாளைத் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் கொண்டுவந்து, தள்ளிப்பிடித்து, ஒரு வழியாகப் படித்து முடித்தார். நடுவில் இரண்டு இடத்தில் கண்ணைக் கசக்கினார். கடைசி வரிக்கு வந்ததும் முகம் தெளிந்தது. தப்பை ஒத்துக்கொண்டு தண்டனையையும் தானே சொல்லிவிட்டவளை மேலும் என்ன செய்வது? பெருந்தன்மையாக இருக்க அவருக்கும் ஆசை இருந்தது.

"நல்லதும்மா. கோப்பு அறையெல்லாம் வேண்டாம். நீங்க எழுதினபடியே ஆகட்டும்." உத்தரவுத் தாளை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். பணிப் பதிவேட்டை வரவழைத்து அதிலும் பதிந்தார்.

"எத்தனை நாள் சார்?" என்று கேட்டாள் அவள்.

"அஞ்சு. நீங்களே எழுதியிருக்கீங்களே."

 பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு புள்ளி காணாமல் போனதற்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"டாக்டரம்மாகிட்ட இதே கடிதம் இருக்கு சார். ஒரு நிமிஷம் அவங்க ரூமுக்கு வர முடியுமா?"

தலைமை டாக்டரம்மா அதிகம் பேசாதவர். இரண்டாவது காப்பி அவர் கையில் இருந்தது. "அரை நாள் சஸ்பென்ஷன்னு எழுதியிருக்கீங்க. இது என்ன கணக்கு?" என்று அவர் அகலக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"அஞ்சு நாள் டாக்டர்" என்றார் நிர்வாகி. "உத்தரவே போட்டுட்டேன்."

"இதுல அரைதான் இருக்கு."

டாக்டரம்மா கையை நீட்ட, நிர்வாகி தன் தாளைக் கொடுத்தார். இரண்டும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் ஐந்துக்கு முன்னால் மங்கலாக ஒரு புள்ளி. இன்னொன்றில் வெறும் காகிதம். டாக்டரம்மா விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

நிர்வாகிக்கு முகம் சிவந்துவிட்டது. "இது தந்திரம். அரை நாள் சஸ்பென்ஷன்னு உலகத்துல எங்கயாவது உண்டா? எவனும் அஞ்சுன்னுதான் படிப்பான்."

"ஒன்பது மாசக் குழந்தைக்கு அஞ்சு மில்லி மட்டும் உண்டா சார்?" என்றாள் அகலக்கா. "அந்தப் பொண்ணும் அப்படித்தான் படிச்சா. தாள்ல இருந்தத இழுத்தா. அவளுக்குக் கண்ணாடி போடணும்னு சொன்னீங்க. நீங்க ஜன்னல் வெளிச்சத்துல, கண்ணாடி போட்டுக்கிட்டு, உக்காந்து நிதானமாப் படிச்சீங்க. அவ கையில ஒரு குழந்தை அழுதுக்கிட்டிருந்தது."

 மேலே எங்கேயோ ஒரு தள்ளுவண்டி உருண்டு போயிற்று.

"மருந்துச் சீட்டுல நர்சுக்குப் போறது எத்தனையாவது காப்பி?" டாக்டரம்மா கேட்டார்.

"மூணாவது."

டாக்டரம்மா நிர்வாகியைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார். பிறகு போனை எடுத்து மென்பொருள்காரரை மறுநாள் காலை வரச் சொன்னார். எல்லா வார்டுச் சீட்டிலும் அளவு வரி அகலமாக வர வேண்டும், அரைக்கு முன்னால் சுழியம் வர வேண்டும், அதை யாரும் பொத்தானை அழுத்தி மாற்ற முடியக்கூடாது. அகலக்கா இரண்டு முறை எழுதிப் பதில் வராத விஷயம் ஒரு போனில் முடிந்தது. அதற்காக அவளுக்குக் கோபம்தான் வந்தது. மனசுக்குள் ஒரு மூலையில் மென்பொருள்காரர் மேல் இன்னும் அந்தக் கோபம் பாக்கி இருக்கிறது.

"சஸ்பென்ஷன் ரத்து. நாளைக்கு வழக்கம்போல வாங்க" என்றார் டாக்டரம்மா.

"இல்ல டாக்டர். உத்தரவு உத்தரவுதான். நாளைக்கு அந்த மாத்தத்த முடிச்சுக் குடுத்துட்டு, அஞ்சு நாள் வீட்ல இருக்கேன். நான் இல்லாட்டியும் அகலமா வருதான்னு பாக்கணும்ல."

அப்படியே செய்தாள். ஐந்து நாளும் வீட்டில் கணவரின் ஜன்னல் சட்டங்களுக்கு வார்னிஷ் அடித்தாள். மூன்று மணி ஆனால் மட்டும் கை நின்றுவிடும். முதல் நாள் மூன்றரைக்குப் பெரிய சிஸ்டர் போன் செய்தார். "அக்கா, புள்ளி மிளகு சைஸ்ல இருக்கு. நீங்க நிம்மதியா இருங்க." மற்ற நான்கு நாளும் அதே நேரத்துக்கு அதே சேதி. அந்த வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஆறாம் நாள் அறைக்கு வந்தபோது பிரிண்டரின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி இல்லை. யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். பசை மட்டும் வரிவரியாக ஒட்டியிருந்தது. சற்று நேரத்தில் நிர்வாகி தலையைக் குனிந்து உள்ளே வந்தார். கையில் அவளுடைய பணிப் பதிவேடு இருந்தது. விரல் நுனியில் வெள்ளைப் பசை இருந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இதுல அஞ்சு நாள்னு ஏறிடுச்சு" என்றார். "நியாயமாப் பாத்தா அடிச்சிடணும். குறைஞ்சது அரைன்னாவது திருத்தறேன். உங்க பதிவேட்டுல ஒரு கறை வேண்டாம்."

பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஐந்துக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும், வேலை முடிந்தது.

அகலக்கா பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். இருபத்தேழு வருஷத்தில் தண்டனைப் பக்கத்தில் இருந்த ஒரே பதிவு அது. மூடி அவரிடமே கொடுத்தாள்.

"வேண்டாம் சார். அஞ்சாவே இருக்கட்டும். நாளைக்கு உங்களுக்கு அப்புறம் இன்னொருத்தர் வருவார், பெட்டியை எண்ணுவார். அவர்கிட்ட காட்ட என்கிட்ட வேற என்ன இருக்கு?"

அவர் பேனாவை மூடிக்கொண்டு, கூரையில் இடிக்காமல், குனிந்து வெளியே போனார். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அகலக்கா தாளைச் சொருகி, குழந்தைகள் வார்டின் சீட்டை அனுப்பினாள்.